ஜெனீவாவிலிருந்து ஷமோனிக்குப் பனிக்காலப் பயணம்: பகிர்வு வேனா, தனி வேனா, பேருந்தா, வாடகைக் காரா?

கார்த்திகை பாதி கடந்து, ஜெனீவா ஏரியின் மேல் மேகமூட்டம் நாள்கணக்கில் அசையாமல் படுத்துக்கொள்ளும் பருவம் வந்துவிட்டால், சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் இங்கே வரப்போகும் உறவினர்களும் நண்பர்களும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: விமான நிலையத்தில் இறங்கியபின், மோன் பிளான் மலையடிவாரத்தில் உள்ள பிரெஞ்சுப் பனிச்சறுக்கு ஊரான ஷமோனிக்கு எப்படிப் போவது? விமான டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து எடுத்தவர்கள்கூட, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் மட்டுமே உள்ள இந்தச் சாலைக்கு நான்கைந்து வழிகள் இருப்பதைக் கண்டதும் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

பல பனிக்காலங்கள் இந்தச் சாலையில் போய் வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. முன்பதிவுப் பக்கத்தில் தெரியும் விலையை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. விமானம் தாமதமானாலோ, சாலை அடைபட்டாலோ, அந்தத் தாமதத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் செவ்வாய்க்கிழமையில் எல்லா வழிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்; பனி கொட்டும் சனிக்கிழமையில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

சாலையும் அதன் நேரமும்

ஜெனீவா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 430 மீட்டர் உயரத்திலும், ஷமோனி 1,035 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையில் உள்ள தூரத்தின் பெரும்பகுதியை ஏ40 என்னும் பிரெஞ்சுக் கட்டணச் சாலை, ஆர்வ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே பொன்வில், க்ளூஸ், சலான்ஷ் ஆகிய ஊர்களைத் தொட்டபடி, பெரிய ஏற்றம் எதுவும் இல்லாமல் கடத்திவிடுகிறது. லெ ஃபயேவுக்கு அருகே அந்த நெடுஞ்சாலை முடிந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து ஷமோனி வரையுள்ள சுமார் 20 கிலோமீட்டருக்குள் சாலை ஏறக்குறைய 450 மீட்டர் ஏறுகிறது. மலைச்சரிவை ஒட்டித் தூண்களின்மேல் 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் எக்ரா மேம்பாலமும் இந்தப் பகுதியில்தான் வருகிறது. மோன் பிளான் சுரங்கப்பாதை வழியாக இத்தாலிக்குப் போகும் கனரக லாரிகளும் இதே சாலையைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால், ஒரு லாரி வழுக்கி நின்றுவிட்டால் அதன் பின்னால் வரும் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டியதுதான். சாலை சீராக இருந்தால் மொத்தப் பயணம் ஒன்றேகால் மணி நேரம். சீராக இல்லாத நாளில் இந்தக் கடைசி 20 கிலோமீட்டரே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

உயரம் கூடக்கூட வெப்பநிலை குறைவதால், ஜெனீவாவுக்கும் ஷமோனிக்கும் இடையிலான 600 மீட்டர் உயர வித்தியாசம் பொதுவாக 4 டிகிரி வித்தியாசமாகிவிடும். ஜெனீவாவில் 4 டிகிரியில் மழை தூறிக்கொண்டிருந்தால் ஷமோனியில் அது பெரும்பாலும் பனியாக விழுந்துகொண்டிருக்கும். விமான நிலைய வாசலில் நின்று சாலை ஈரமாகத்தானே இருக்கிறது என்று முடிவெடுப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கிழமை. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்ற கணக்கில் கைமாறுகின்றன; ஒரு கூட்டம் காலி செய்து இறங்கும் அதே நாளில்தான் இன்னொரு கூட்டம் மேலே ஏறுகிறது. பிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளின் பனிக்கால விடுமுறை, மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, பிப்ரவரி தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நான்கு வாரங்களுக்குப் பரவிக் கிடக்கிறது. ஜெனீவாவில் விடுமுறை இல்லை என்பதால் சாலை காலியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஏ40 சாலையை நிறைப்பவை பாரிஸிலிருந்தும் லியோனிலிருந்தும் வரும் கார்கள். மோர்ஸீனுக்கும் ஃப்ளேனுக்கும் போகிறவர்கள் க்ளூஸ் பக்கத்திலும், மெஜேவுக்குப் போகிறவர்கள் சலான்ஷிலும் பிரிந்து செல்வதால், அந்த வெளியேறு வழிகளில் தொடங்கும் வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டுவிடும். பிரெஞ்சு அரசின் பீசோன் ஃபூத்தே என்னும் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுக்கிறது. போகும் திசைக்கும் திரும்பும் திசைக்கும் தனித்தனி நிறம். எதைப் பதிவு செய்வதற்கும் முன்னால் உங்கள் தேதிக்கான நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

எவற்றை வைத்து எடைபோடுவது

எத்தனை பேர், எத்தனை பெட்டி, அவற்றில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளை வைக்கும் நீண்ட பை எத்தனை என்பது முதல் கேள்வி. தங்குமிடம் ஷமோனி நகர நடுவிலா, அல்லது லெ ஊஷ், அர்ஜான்தியேர், வலோர்சீன் போன்ற பக்கத்து ஊர்களிலா என்பது இரண்டாவது. ஏனென்றால் அர்ஜான்தியேர் நகரத்திலிருந்து மேலும் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பெட்டிகளோடு இருட்டில் அந்த 8 கிலோமீட்டர் சிறிய தூரமாக இருக்காது. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, அதற்குப் பின் அந்த நாளில் வேறு வண்டி இருக்கிறதா என்பது மூன்றாவது. வாரம் முழுவதும் உங்களுக்குச் சொந்தமாக ஒரு வண்டி உண்மையிலேயே தேவையா என்பது நான்காவது. கடைசியாக, உங்களில் யாராவது பனிச்சாலையில் ஓட்டிப் பழகியவரா என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

இவற்றோடு எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனீவா சுவிட்சர்லாந்தில், ஷமோனி பிரான்ஸில். தங்களுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டும் இருப்பதால் பெரும்பாலும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். ஆனால் நிறுத்தவே மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், வண்டியின் அடியில் போன பெட்டிக்குள் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் எஃப் அனுமதி அட்டையோடு தற்காலிகமாக வசிக்கும் நம்மவர்கள், திரும்பி வருவதற்கான விசாவை முன்கூட்டியே பெறாமல் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரப் பயணம்தானே என்று குடும்பத்தோடு வேனில் ஏறிவிடுவது, பிறகு அனுமதிக்கே சிக்கலாக முடியலாம்.

பகிர்வு வேன்

விமான நிலையத்தில் பல விமானங்களில் வந்து இறங்கியவர்களை ஒன்றுசேர்த்து, எட்டு இருக்கைகள் கொண்ட வேனில் ஏற்றி, ஒவ்வொருவரையும் அவரவர் தங்குமிடத்தில் இறக்கிவிடும் சேவை இது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒருவராகவோ இருவராகவோ வருகிறவர்களுக்கு, வாசல் வரை கொண்டுபோய் விடும் வழிகளில் இதுதான் மலிவானது.

இதில் பட்டியலில் தெரியாத செலவு, நேரம். நீங்கள் சுங்கத்தைக் கடந்து வெளியே வந்தாலும், உங்களோடு அதே வேனில் பதிவு செய்திருக்கும் மற்றொரு குழுவின் விமானம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருப்பது இங்கே சாதாரணம். வருகைக் கூடத்தின் சந்திப்பு மேசை அருகே, குழந்தையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு, பெட்டிகளைச் சுற்றி அரண்போல நிறுத்திவைத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு பிப்ரவரியிலும் பார்க்கலாம். ஷமோனிக்குள் நுழைந்த பின்னும் யாரை முதலில் இறக்குவது என்பதை ஓட்டுநர்தான் தீர்மானிப்பார். நீங்கள் கடைசியாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் சேர்ந்துவிடும்.

திரும்பும் பயணத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எல்லாருடைய விமான நேரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால், உங்கள் விமானத்துக்கு மூன்றரை, நான்கு மணி நேரம் முன்பே வந்து அழைத்துச் செல்வார்கள். சிவப்பு நிற நாளில் அதற்கும் முன்னால். காலை விமானம் என்றால் விடியுமுன்பே பெட்டிகளோடு வாசலில் நிற்க வேண்டும்.

பதிவு செய்யும் முன் நிபந்தனைகளில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் விமானம் தாமதமானால் அடுத்த வேனில் இடம் தருவது அவர்கள் கடமையா, அல்லது இடம் இருந்தால் மட்டுமா? தலைக்கு ஒரு பெட்டியும் ஒரு ஸ்கீப் பையும் போக, கூடுதல் பெட்டிக்கு எவ்வளவு? ஊரிலிருந்து அரிசியும் மசாலாவும் கட்டிக்கொண்டு வரும் நம் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது வரி முக்கியம்.

தனி வேன்

வண்டி முழுவதும் உங்களுக்கு. பெயர்ப் பலகையோடு ஓட்டுநர் நிற்பார். உங்கள் விமானம் எப்போது இறங்குகிறது என்பதை அவரே கவனித்துக்கொள்வார். வேறு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் தலைக்கு இல்லை, வண்டிக்கு. ஆகவே இங்கே கணக்கு எளிது: பகிர்வு வேனில் உங்கள் குழுவுக்கு ஆகும் மொத்தத்தையும் தனி வேனின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் ஐந்தாவது ஆள் சேரும்போது இரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. ஆறு பேருக்கு மேல் பகிர்வு வேனைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எட்டு இருக்கை என்பதை எட்டுப் பேருக்கான இடம் என்று எடுத்துக்கொள்வது பொதுவான தவறு. எட்டுப் பேரும் எட்டுப் பெரிய பெட்டியும் எட்டு ஸ்கீப் பையும் ஒரே வேனில் ஏறாது. கூரைப் பெட்டியோ இழுவண்டியோ வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். குழந்தை இருக்கை வேண்டும் என்பதை வயதோடும் எடையோடும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் 12 வயதுக்குக் கீழே, 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கும், பிரான்ஸில் 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் உரிய இருக்கை கட்டாயம். இந்தப் பயணத்தில் இரண்டு நாட்டுச் சாலைகளும் வருகின்றன. விமானம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் உண்டா, இரவு நேரத்துக்கும் பிப்ரவரிச் சனிக்கிழமைக்கும் விலை ஏறுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சமூக வலைத்தளக் குழுக்களில் பாதி விலைக்கு வண்டி அனுப்புகிறேன் என்று எழுதுகிறவர்கள் பலர் பயணிகளை ஏற்றும் உரிமம் இல்லாதவர்கள். உரிமம் இல்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. வழியில் காவல்துறை சோதனையிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும், நீங்கள் பெட்டிகளோடு சாலையோரத்தில் நிற்பீர்கள். நிறுவனத்தின் பதிவு எண்ணையும் பயணிகள் காப்பீட்டையும் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முறையான நிறுவனம் உடனே அனுப்பும்.

பேருந்து

ஜெனீவா நகரப் பேருந்து நிலையத்திலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் ஷமோனியின் தெற்கு முனையில் உள்ள பேருந்து நிறுத்தம் வரை நீண்டதூரப் பேருந்துகள் ஓடுகின்றன. சாலைவழிகளில் இதுதான் மிகவும் மலிவு. இருக்கை வசதியானது, ஓட்டுநர் பழகியவர், உயரமான ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் போயிற்று. அடுத்த பேருந்தில் இடம் இருந்தால் அன்றைய விலையில் மறுபடி வாங்க வேண்டும், சனிக்கிழமையில் இடம் இருப்பது அரிது. விமானம் இறங்கும் நேரத்துக்கும் பேருந்து புறப்படும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யச் சொல்வேன். ஸ்கீயைச் சில நிறுவனங்கள் தனிச்சுமையாக முன்பதிவு செய்யச் சொல்கின்றன; செய்யாமல் வந்தால் ஏற்றுவது ஓட்டுநர் விருப்பம்.

இறங்கிய பிறகு உள்ள தூரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நகர நடுவில் தங்கினால் நடந்தே போகலாம், ஆனால் உறைந்த நடைபாதையில் சக்கரப் பெட்டி உருளாது. அதை இழுக்கும்போது பனி சக்கரத்துக்கு முன்னால் மேடாகக் குவிந்துகொண்டே வரும், கடைசியில் தூக்கித்தான் செல்ல வேண்டியிருக்கும். பக்கத்து ஊர்களுக்கு உள்ளூர்ப் பேருந்து பகலில் நன்றாகவே ஓடுகிறது. இரவில் குறைந்துவிடும், டாக்சிகளும் சிலவே.

வாடகைக் கார்

சுதந்திரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான், மறைந்திருக்கும் செலவுகள் அதிகம் உள்ளதும் இதுதான். அதனால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெனீவா விமான நிலையத்துக்குச் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டிலும் வாடகைக் கார் மேசைகள் இருக்கின்றன. இணையத்தில் பிரெஞ்சுப் பக்கத்து விலை பெரும்பாலும் குறைவாகத் தெரியும். அந்தக் கார் பிரெஞ்சுப் பதிவெண் கொண்டது. பனிக்கால டயர் இல்லாமல் வரலாம், கேட்டால் கூடுதல் கட்டணம். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓடத் தேவையான வின்யெட் என்னும் கட்டண வில்லையும் அதில் இருக்காது. சுவிஸ் வின்யெட்டுக்கு ஒரு வாரம், ஒரு மாதம் என்ற பிரிவே கிடையாது. ஆண்டு முழுமைக்கும் 40 பிராங்க், ஒரே ஒருமுறை ஓடினாலும் அதே 40. அது இல்லாமல் போக வேண்டுமென்றால் ஜெனீவா நகரத்துச் சிக்னல்களுக்குள் நுழைந்து போக வேண்டும், அல்லது பெல்கார்டு என்னும் பிரெஞ்சு ஊர் வழியாக நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். வின்யெட் இல்லாமல் சுவிஸ் நெடுஞ்சாலையில் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதன்மேல் வின்யெட்டின் விலை. திருப்பிக் கொடுக்கும்போதும் எடுத்த பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஃபெர்னே-வோல்தேரிலிருந்து வரும் தனிச்சாலை வழியாகத்தான் போக முடியும். வழிகாட்டிச் செயலியில் ஜெனீவா விமான நிலையம் என்று மட்டும் தட்டிவிட்டு, சுவிஸ் பக்க வாசலில் வந்து நின்று, விமானத்தைத் தவறவிடும் நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். சுவிஸ் பக்கத்துக் கார்களில் பனிக்காலத்தில் உரிய டயரும் வின்யெட்டும் பொதுவாகவே இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கத்து விலையும் பல நேரங்களில் ஒன்றாகிவிடும்.

பிரான்ஸின் மலைப்பகுதிச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சாலையில் ஓட்டக் கூடாது. 2021 நவம்பரிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் நான்கு சக்கரங்களிலும் பனிக்கால டயர் இருக்க வேண்டும், அல்லது குறைந்தது இரண்டு இயக்கு சக்கரங்களுக்கான, வழுக்காமலிருக்க டயர்மேல் மாட்டும் சங்கிலியோ உறையோ வண்டியில் இருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து, மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி உள்ள டயர்தான் பனிக்கால டயராக ஏற்கப்படுகிறது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று குறிக்கும் பழைய எம்+எஸ் எழுத்து மட்டும் போதாது. கார் சாவியை வாங்கியதும் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அரை நிமிட வேலை.

சங்கிலி வண்டியில் இருப்பது வேறு, அதை மாட்டத் தெரிவது வேறு. ஒரு பிப்ரவரி மாலையில் லெ ஃபயேவுக்குச் சற்று முன்னால், சாலையோர ஒதுக்கிடத்தில், சங்கிலி மாட்டுவதற்காக நிறுத்தினோம். உப்பும் பனியும் கலந்த குழம்பு முழங்காலை நனைத்தது. கையுறையோடு கொக்கியை மாட்ட முடியவில்லை, கையுறையைக் கழற்றினால் விரல்களில் உணர்வு இல்லை. என் மனைவி கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்த வெளிச்சம் நடுங்கியது. முத்திரை பிரிக்காமல் வாடகை நிறுவனம் கொடுத்திருந்த பெட்டியைத் திறந்து விரித்த பிறகுதான், சங்கிலியின் அளவு எங்கள் டயருக்குப் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. அன்று இரண்டரை மணி நேரம் அங்கேயே கழிந்தது. உப்பு தூவும் வண்டி போய் வந்த பிறகுதான் மேலே ஏறினோம். விமான நிலைய வாகனக் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், காய்ந்த தரையில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. சங்கிலியோடு ஓட்டும்போது மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்ணாடி கழுவும் நீரும் அப்படித்தான். முன்னால் போகும் லாரிகள் தெளிக்கும் உப்புநீர் கண்ணாடியில் வெள்ளையாகக் காய்ந்து படியும். உறையாத குளிர்கால நீரை ஊற்றாத காரில் தெளிப்பான் உறைந்து, நெடுஞ்சாலை நடுவில் முன்னால் எதுவும் தெரியாமல் போய்விடும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு இதற்கும் மேலாக ஒரு காரணம் இருக்கிறது. இரவு முழுவதும் விமானத்தில் கழித்த உடம்போடு, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, வலப்பக்கச் சாலையில், முதல் தடவையாகப் பனியின்மேல் ஓட்டுவது எந்தச் சேமிப்புக்கும் தகாத ஆபத்து. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். சொல்லாமல் விட்டு வருந்த விரும்பவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகும் செலவு நிற்பதில்லை. ஷமோனியில் நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் கட்டணம் உள்ளவை. ஸ்கீக்காக வந்தவர்களின் கார் வாரம் முழுவதும் அசையாமல் பனிக்கடியில் கிடக்கும், புறப்படும் காலையில் மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். தங்குமிடம் தரும் விருந்தினர் அட்டையை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்குப் பேருந்துகளில் சரிவுகளுக்குப் போய்விடலாம் என்பதால், பலருக்குக் கார் தேவைப்படுவதே இல்லை.

அப்படியானால் வாடகைக் கார் யாருக்கு? பனிச்சாலையில் பழகிய ஓட்டுநர் இருவர் உள்ள குழுவுக்கு. பேருந்து எளிதில் எட்டாத குக்கிராமத்தில் வீடு எடுத்தவர்களுக்கு. வாரத்தில் இரண்டு மூன்று நாள்களாவது மெஜேவ், சேன்-ஜெர்வே, இத்தாலியப் பக்கம் என்று சுற்றப் போகிறவர்களுக்கு. அவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சுவிட்சர்லாந்திலேயே வசித்து, சொந்தக் காரில் வருகிறவர்கள், மார்த்தினி என்னும் சுவிஸ் ஊர் வழியாக மலையைத் தாண்டி வரும் சாலையைப் பற்றிக் கேட்பதுண்டு. வரைபடத்தில் அது குறுக்கு வழியாகத் தோன்றும். ஆனால் 1,527 மீட்டர் உயர ஃபோர்க்ளா கணவாயையும், 1,461 மீட்டர் உயர மோன்தே கணவாயையும் தாண்ட வேண்டும். மோன்தே கணவாய் பனிச்சரிவு அபாயம் வந்தால் மூடப்படும். அதற்கு அருகில் உள்ள மோன்ரோக் குடியிருப்பில் 1999 பிப்ரவரி 9 அன்று பனிச்சரிவில் 12 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவுகளுக்குக் கீழே சாலையை மூடுகிறவர்கள் காரணத்தோடுதான் மூடுகிறார்கள். வானிலை தெளிவாக இருக்கும் நாளில் அழகான சாலை. பனி எதிர்பார்க்கப்படும் நாளில் ஏ40 வழியே சுற்றி வாருங்கள்.

ரயில், சாலை அடைபடும் நாளுக்கு

கேள்வி சாலையைப் பற்றியது என்றாலும் இதை விட்டுவிட முடியாது. ஜெனீவாவையும் பக்கத்துப் பிரெஞ்சு ஊர்களையும் இணைக்கும் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் சேவை 2019 டிசம்பரில் தொடங்கிய பிறகு, ஜெனீவாவிலிருந்து அன்மாஸ் வழியாகச் சேன்-ஜெர்வே வரை ரயிலில் போய், அங்கே மலை ரயிலுக்கு மாறி ஷமோனிக்கு ஏறலாம். விமான நிலையத்திலிருந்து மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும், குறைந்தது இரண்டு இடங்களில் மாற வேண்டும். சாதாரண நாளில் இது மெதுவான வழி. பீசோன் ஃபூத்தே கறுப்பு நிறம் காட்டும் சனிக்கிழமையில், கையில் சிறிய பை மட்டும் உள்ளவருக்கு, வேனுக்கு முன்பே போய்ச் சேரும் வழியாகவும் இது அமைந்துவிடலாம். ஏழு பெட்டிகளோடு வரும் குடும்பத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

தாமதம் யார் தலையில்?

| வழி | விமானம் தாமதமானால் | சாலை அடைபட்டால் | வாசல் வரை வருமா |
|---|---|---|---|
| பகிர்வு வேன் | அடுத்த வேனில் இடம் இருப்பதைப் பொறுத்தது | ஓட்டுநர் சமாளிப்பார். காத்திருப்பு உங்களுடையது | பெரும்பாலும் வரும் |
| தனி வேன் | ஓட்டுநர் காத்திருப்பார்; நீண்டால் கட்டணம் | ஓட்டுநர் சமாளிப்பார் | வரும் |
| பேருந்து | டிக்கெட் நட்டம் | ஓட்டுநர் சமாளிப்பார் | வராது |
| வாடகைக் கார் | கார் மேசை மூடும் நேரம்வரை கவலையில்லை | முழுச் சுமையும் உங்களுடையது | வரும். நிறுத்துமிடம் உங்கள் பொறுப்பு |
| ரயில் | அடுத்த ரயில். கடைசி ரயிலுக்குப் பின் இல்லை | பாதிப்பு குறைவு | வராது |

யாருக்கு எது

ஜனவரி நடுவில், வார நாளில், நகர நடுவில் அறை எடுத்திருக்கும் தம்பதிக்குப் பேருந்து போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நாள் ஸ்கீ பாடம் எடுத்துக்கொள்ளலாம். அதே தம்பதி அர்ஜான்தியேரில் தங்கினால், அல்லது மாலை ஆறு மணிக்கு மேல் இறங்கினால், பகிர்வு வேன்.

வயதான பெற்றோரோடும் சிறு பிள்ளைகளோடும் வரும் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு, எந்தக் கிழமையாக இருந்தாலும் தனி வேன்தான். பனியையே பார்த்திராத ஒரு பாட்டியை, உறைந்த படிக்கட்டின் அடியில் கையைப் பிடித்து இறக்கிவிடும் ஓட்டுநருக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று இதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமை தவிர வேறு நாளில் வீடு தருகிறவர் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஒரு மாற்றம் எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் பயன் தரும்.

இளைஞர்கள் எட்டுப் பேர், எட்டு ஸ்கீப் பை என்றால், கூரைப் பெட்டியுள்ள தனி வேனா அல்லது இரண்டு வாடகைக் கார்களா என்று பார்க்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்குப் பனியில் ஓட்டத் தெரியும் என்பதே விடை.

இரவு பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானத்தில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. அந்த நேரத்தில் கடைசிப் பேருந்தும் கடைசி ரயிலும் போயிருக்கும், பகிர்வு வேன் கிடைப்பது அரிது, தனி வேனுக்கு இரவுக் கட்டணம் சேரும், சாலையும் அப்போதுதான் உறையத் தொடங்கியிருக்கும். அந்த இரவை ஜெனீவாவில் கழித்துவிடுங்கள். நகரத்து விடுதிகள் விருந்தினர்களுக்கு இலவசப் போக்குவரத்து அட்டை தருவதால், காலையில் டிராமிலேயே பேருந்து நிலையத்துக்கோ கோர்னவான் ரயில் நிலையத்துக்கோ போய்விடலாம். இரவில் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டிகள் தம் வேலையை முடித்திருக்கும். எட்டு மணிக்குப் புறப்பட்டால், சலான்ஷ் தாண்டி மேகமூட்டத்திலிருந்து வெளியே வரும்போது மோன் பிளான் சிகரத்தின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.